பகா எண்களைக் கட்டத்தில் அடுக்கும் புதிர்களில் பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

பலரும் மாயச் சதுரத்தைத்தான் (எந்த வரிசை, நிரல், மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டம்) சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலில் ஒரு சதுரங்கப் பலகையும் 41 என்ற எண்ணும் போதும்.

நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று உண்டு. என் மகள் உயர்நிலை 1 படிக்கிறாள். பகா எண் என்றாலே காரணி பிரிக்கும் பயிற்சித்தாள்தான் அவளுக்கு நினைவுக்கு வரும். ஜூன் விடுமுறையில் ஒருநாள் ஒரு சுண்ணக்கட்டியும் கைநிறையப் போத்தல் மூடியும் எடுத்துக்கொண்டு அவளோடு கீழே இறங்கினேன்.

கறுப்பு மூலை நம் இடக்கைப் பக்கம் வரும்படி உட்காருங்கள். நடுவில் இருக்கும் நான்கு கட்டங்களில், நமக்கு அருகே இடப்பக்கம் உள்ளதில் 41 என்று எழுதுங்கள். வலப்பக்கம் ஒரு கட்டம் போய் 42, மேலே ஒன்று ஏறி 43. பிறகு இடப்பக்கம் இரண்டு, கீழே இரண்டு, வலப்பக்கம் மூன்று, மேலே மூன்று என்று நத்தை ஓடு போலச் சுற்றிக்கொண்டே போனால் 64 கட்டமும் 104-இல் சரியாக நிரம்பிவிடும்.

இப்போது பகா எண் விழுந்த கட்டங்களில் மட்டும் ஒரு மூடி வையுங்கள். மொத்தம் 15 மூடி வரும். "எல்லாமே கறுப்புலயே இருக்கேப்பா" என்றாள் மகள். காரணத்தை நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவளாகவே கண்டுபிடித்தாள்: ஒவ்வோர் அடிக்கும் கட்டத்தின் நிறம் மாறுகிறது, ஒற்றைப்படை இரட்டைப்படையும் மாறுகிறது. 41 கறுப்பில் தொடங்கியதால் இரட்டை எண்கள் அத்தனையும் வெள்ளைக்குப் போய்விட்டன. அந்த நிமிடத்துக்காகவே இந்த விளையாட்டை எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் மூலைவிட்டத்தில் இருக்கிறது. நம் பக்கத்து இட மூலையிலிருந்து எதிர் மூலை வரை படியுங்கள்: 83, 61, 47, 41, 43, 53, 71, 97. எட்டும் பகா எண்கள். 41-உடன் 2, அப்புறம் 4, 6, 8 என்று கூட்டிக்கொண்டே போனால் வரும் எண்கள்தான் இவை. சுருள் திரும்பும் விதத்தால் அவை ஒரே கோட்டில் வந்து விழுகின்றன. கணித மேதை ஆய்லர் 1772-இலேயே இந்த வரிசையைக் கவனித்திருக்கிறார். 40-க்கு 40 கட்டம் போட்டாலும் மூலைவிட்டம் முழுக்கப் பகா எண்தான். கடைசி எண் 1601. அதற்கு அடுத்தது 1681, அதாவது 41 பெருக்கல் 41. அங்கேதான் முதன்முதலாக அறுபடுகிறது. எண்களை இப்படிச் சுருளாக எழுதிப் பார்க்கும் பழக்கம் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் 1963-இல் ஓர் உரையைக் கேட்டுக்கொண்டே தாளில் கிறுக்கியதில் தொடங்கியது. அவர் 1-இலிருந்து எழுதினார்.

சரி, இனி மாயச் சதுரம். பகா எண்களை மட்டும் கொண்டு, எதுவும் திரும்ப வராமல் அமைத்த மூன்றுக்கு மூன்று சதுரங்களில் கூட்டுத்தொகை மிகச் சிறியது இது:

17, 89, 71
113, 59, 5
47, 29, 101

எப்படிக் கூட்டினாலும் 177. இதில் 2 ஏன் வரவே முடியாது என்று கேளுங்கள். கல்மேசையில் விளையாடிய பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்: 2 இருக்கும் வரிசையின் கூட்டுத்தொகை இரட்டை, மற்ற வரிசைகளுக்கு ஒற்றை. இரண்டும் ஒன்றாக வராது.

விடையைக் காட்டாமல் கொடுப்பதுதான் நல்லது. 59-ஐ நடுவில் வைத்துவிட்டு, மற்ற எட்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். எதிரெதிர்க் கட்டங்கள் இரண்டும் சேர்ந்து 118 வரவேண்டும் என்ற ஒரு குறிப்பு போதும்.