டீச்சரிடம் கேளுங்கள்: ஆகாய கங்கைக்கு இறங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. லேசாக முழங்கால் வலி உண்டு. பொங்கல் லீவில் கொல்லிமலை போகிறோம். ஆகாய கங்கை அருவி வரை அவரைக் கூட்டிப் போகலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம் கண்ணு. முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற மலைகளில் காலில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்த பிறகு இறங்குகிறோம். இங்கே கணக்கு தலைகீழ். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் சுற்றி மலை உச்சிக்கு வந்தாயிற்று. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் தொடங்கும் படிகள் அங்கிருந்து காட்டுக்குள்ளே, பள்ளத்துக்குள்ளே போகின்றன. ஆயிரம் படிக்கு மேல். ஒரு தடவை எண்ணிக்கொண்டே இறங்கினேன். நானூறைத் தாண்டியதும் ஒரு குரங்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கியது, கணக்கும் அதோடு போயிற்று.

படிகள் ஒரே அளவில் இல்லை. சிலது பாதம் வைக்க அகலம் போதாது, சிலதில் காலைத் தொங்கவிட்டு இறங்க வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுக்க முழங்காலில் விழும். திரும்பி ஏறும்போது அந்தச் சோதனை நெஞ்சுக்கு. கடைசியாகப் போனபோது இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணிக்கு மேல் ஆயிற்று எனக்கு. கூச்சல் போட்டுக்கொண்டு என்னை முந்தி ஓடின கல்லூரிப் பையன்கள், திரும்பும்போது பாதிவழிக் கட்டைச்சுவரில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "டீச்சர், இன்னும் எவ்வளவு?" என்றார்கள். டீச்சர் என்று எப்படித்தான் தெரிந்ததோ!

அம்மா கோயிலில் உட்காரட்டும், ஆற்று மீனுக்குப் பொரி போடட்டும். நீங்கள் மேலே வந்ததும் மாசிலா அருவிக்கோ நம்ம அருவிக்கோ கூட்டிப் போங்கள். அங்கே இவ்வளவு இறக்கம் கிடையாது. 'நானும் வந்தே தீருவேன்' என்று அடம்பிடித்தால், நூறு படியோடு நிறுத்திவிடுங்கள். மரநிழல் அங்கேயே உண்டு.

கேள்வி: அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லையாமே, ஏன்?
– வாசகர், ராசிபுரம்

பிடித்துக் குழம்பு வைத்தார்களாம். அறுத்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, துள்ளி ஆற்றுக்கே போய்விட்டனவாம். கோயில் கதை. ஈசனே மீன் வடிவில் இருப்பதாக நம்பிக்கை, அதனால் முதல் பொரி மீனுக்கு, பிறகுதான் சாமி.

கேள்வி: அருவி மேலிருந்து தெரியாதா? ஏன் அவ்வளவு ஆழத்தில் விழுகிறது?
– மாணவர், சேலம்

தெரியாது தம்பி. பாதிக்கு மேல் இறங்கின பிறகுதான் சத்தமே கேட்கும். அது காற்றா தண்ணீரா என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. அதுவரை மரம், வேர், இருட்டு நிழல், ஈர மண் வாசனை. கடைசித் திருப்பத்தில் காற்று சட்டென்று குளிரும். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக் கண்ணாடி நனைந்துவிடும்.

கோயில் பக்கத்தில் ஓடையாகப் போகிற அய்யாறுதான் சுமார் 300 அடி கீழே விழுகிறது. கொல்லிமலை சார்னோகைட் என்கிற கெட்டியான பாறை, நம் பல்லாவரம் கல்லின் சாதி. (கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறையில் பதித்த கல் பல்லாவரத்திலிருந்து போனது. அவர் பேரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள். கல் நம்முடையது, பேர் அவருடையது!) பாறையில் விரிசல் ஓடும் இடமாகப் பார்த்து ஆறு அறுத்துக்கொண்டே போனதில் மூன்று பக்கமும் சுவராக நிற்கும் பள்ளம். மழைக்காலத்தில் கிட்டே போகவே முடியாது, சாரல் முகத்தில் மணலை வீசுவது போல அடிக்கும். வெள்ளம் அதிகமானால் வனத்துறையினர் வழியை அடைத்துவிடுவார்கள். சித்திரையில் போனால் ஒல்லியாகத்தான் விழும். மழை ஓய்ந்த மார்கழி, தை எனக்குப் பிடித்த மாதங்கள்.

ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகாதே. எனக்கு அருவியடிக்குப் போனதும் வார் அறுந்தது. ஆயிரம் படியும் வெறுங்காலோடு ஏறினேன்.

கேள்வி: அதே ஆறுதானே எங்கள் புளியஞ்சோலைக்கு வருகிறது? அருவியிலிருந்து அப்படியே நடந்து இறங்கிவிடலாமா?
– வாசகர், துறையூர்

ஆறு இறங்கும், நீங்கள் இறங்க வேண்டாம். புளியஞ்சோலையிலிருந்து கோயிலுக்கு மலைக்காரர்கள் ஏறி வருகிற ஒற்றையடிப் பாதை தனியாக இருக்கிறது. பல மணி நேர ஏற்றம். வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லாமல் அதில் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: படிக்கட்டுப் பக்கம் விற்கும் 'ஆட்டுக்கால்' சூப் சைவமா? மூட்டு வலிக்கு நல்லதா?
– வாசகி, கரூர்

சைவம்தான். அது முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற பெரணிச் செடியின் தண்டு, பழுப்பு ரோமத்தோடு அசல் ஆட்டுக்கால் போலவே இருக்கும். மேல்தோலைச் சீவி, மலை மிளகு தட்டிப் போட்டு வைக்கிறார்கள். மிளகு தொண்டைக்கு நிச்சயம் நல்லது. மூட்டைப் பொறுத்தவரை, ஏறி வந்ததும் ஒரு தம்ளர் குடித்தேன், வலி இருந்த இடத்திலேயே இருந்தது. இருந்தாலும் இன்னொரு தம்ளர் வாங்கினேன்.