கூட்டத்துக்கு நடுவே முப்பரிமாண மாடல்: வாசகர் கேள்வி–பதில்

கே: சந்தையின் நடுவில் நின்று சுற்றிலும் 300 படங்கள் எடுத்தேன். அவற்றை மென்பொருளில் கொடுத்தும் முப்பரிமாண மாடல் உருவாகவில்லை. (சேலம்)

ப: நின்ற இடத்திலேயே சுழன்றால் ஆழம் கிடைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் ஓரடியாவது நகருங்கள். அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்கு காட்சி பொதுவாக இருக்கட்டும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

கே: தொலைவில் உள்ளதை ஜூம் செய்யலாமா? (ஈரோடு)

ப: கூடாது. கிட்டப் போங்கள்.

கே: பேருந்து நிலையத்தில் நடமாடும் ஆட்களும் மாடலில் வருவார்களா? (திருச்சி)

ப: நடப்பவர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். படத்துக்குப் படம் இடம் மாறுவதால் மென்பொருள் படங்களை ஒப்பிடும்போது அவர்கள்மேல் விழும் புள்ளிகள் பொருந்தாமல் கழிந்துவிடும். தொல்லை தருவது நிற்பவர்கள்தான். உருகிய மெழுகுபோல் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அரை மணி கழித்து அதே இடத்தை மறுபடி எடுங்கள். பழைய படங்களில் ஆட்கள் உள்ள பகுதியை, மென்பொருள் கணக்கில் எடுக்காதபடி மறைத்துவிடுங்கள் (மாஸ்க்).

கே: மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசின் கீழ்ப்பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் மறைத்துவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் நிரப்பி ஆவணமாக வெளியிடலாமா? (சென்னை)

ப: வேண்டவே வேண்டாம். இந்தப் பழக்கம் பரவுவதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. அங்கே பெரிய யானையின் அருகில் ஒரு பூனை தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். அந்த இடம் மறைந்திருந்தால் மென்பொருள் என்ன செய்யும்? அக்கம்பக்கத்துப் பாறையைப் பார்த்து வழவழப்பாக மெழுகிவிடும், அல்லது பல்லவச் சிற்பி செதுக்காத ஒன்றைச் செதுக்கிவிடும். நாளை ஒரு மாணவர் அதை ஏழாம் நூற்றாண்டு வேலை என்று நம்பி அளப்பார். ஓட்டை இருந்தால் ஓட்டையாகவே விடுங்கள். ‘இங்கே தரவு இல்லை’ என்று எழுதுங்கள். அதைவிட நல்லது, மறுபடி போவது. பாறை கிழக்கு நோக்கியது; காலை வெயில் நேரே அடித்து நிழல் நகரும். மேகம் மூடிய காலையில், கூட்டம் சேருமுன் போய் எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியின் அளவை) படத்துக்குப் படம் மாறாதபடி பூட்டிவிட்டு எடுங்கள். ஜூமைத் தொடாதீர்கள்.

கே: ஐபோன் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரி) மாடல் எடுக்கப் போதுமா? (மதுரை)

ப: அறைக்குப் போதும். 5 மீட்டரைத் தாண்டினால் கைவிட்டுவிடும்.

கே: காஸியன் ஸ்ப்ளாட்டிங் (படங்களிலிருந்து காட்சியை மங்கலான வண்ணப் புள்ளிகளால் உருவாக்கும் முறை) செய்தேன். அளவுகள் தப்பாக வருகின்றன. (கோவை)

ப: எந்தக் கேமரா, எத்தனை படம், எதை வைத்து அளந்தீர்கள்? ஒன்றும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 2023இல் வந்த இந்த முறை கண்ணுக்கு அழகான காட்சி தரும்; அளப்பதற்கு மெஷ் (சிறு முக்கோணங்களால் பின்னிய பரப்பு) எடுங்கள். எதுவானாலும் வெறும் படங்களிலிருந்து மீட்டர் கணக்கு வராது. நீளம் தெரிந்த அளவுகோல் ஒன்றைக் காட்சிக்குள் வைத்தே எடுங்கள்.