பணம் பிள்ளையின் பெயரில், முடிவு யாருடைய கையில்?

போன இதழில் என்.டி.ஐ.எஸ். (அவுஸ்திரேலிய அரசின் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டம்) பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பராமரிப்புக் கொம்பனிகளைப் பற்றியவை. அதனால் இம்முறை அதற்கே முதலிடம். நான் சட்டத்தரணி இல்லை, அதிகாரியும் இல்லை. பெருமூளை வாதத்தோடு பிறந்து இப்போது 26 வயதாகும் ஒரு மகனின் தாய். 2017 இலிருந்து அவனுக்கு இந்தத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. பார்த்ததையும், யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தியதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 23 வயது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டு. சப்போர்ட் வேர்க்கர்களை (அன்றாடம் உதவிக்கு வருபவர்கள்) அனுப்புவதும் ஒரு கொம்பனி, சப்போர்ட் கோர்டினேட்டரும் (சேவைகளைத் தேடி ஒழுங்கு செய்பவர்) அதே கொம்பனி. முதலாளி எங்கள் ஊர்க்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் காண்போம். இப்போது அவர்களே ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள், மகளை அங்கே விடச் சொல்கிறார். "அடுத்த பிளான் மீட்டிங்குக்கு, அவளால் ஒன்றுமே ஏலாது என்று எழுதித் தாருங்கோ, இல்லாட்டி காசை வெட்டிப்போடுவாங்கள்" என்கிறார். அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், பென்டில் ஹில்

பதில்: தங்கச்சி, அப்படி எதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாக வாசியுங்கள்.

பிளான் என்பது மகளின் எந்த உதவிக்கு எவ்வளவு காசு என்ற ஒதுக்கீடு. அந்தக் காசை வெட்டுவதும் கூட்டுவதும் அவர் கையில் இல்லை. அது என்.டி.ஐ.ஏ. என்ற அரச நிறுவனத்தின் முடிவு. அந்த முடிவு பிழை என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மீளாய்வு கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. நடுவில் நிற்கிற கொம்பனிக்காரர் எவரும் உங்களுக்குக் காசு தருபவரும் இல்லை, பறிப்பவரும் இல்லை. அவர் உங்கள் மகளின் காசில் வேலை செய்பவர்.

இந்தத் திட்டம் வரமுன் எப்படி இருந்தது என்று இளம் தாய்மாருக்குத் தெரியாது. அரசாங்கம் காசை மொத்தமாக நிறுவனங்களுக்குக் கொடுக்கும், நிறுவனம் தருவதைக் குடும்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மகன் சிறுவனாக இருந்தபோது ஒரு சக்கர நாற்காலிக்குப் பதினாலு மாதம் காத்திருந்தோம். அது வந்து சேர்ந்த அன்று அவனை அதில் இருத்தினால் இடுப்பு கொள்ளவில்லை, அவ்வளவுக்கு வளர்ந்துவிட்டான். அந்த நிலையை மாற்றத்தான் 2011 இல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணைக்குழு அறிக்கை எழுதியது. ஜூலியா கிலார்ட் பிரதமராக இருந்தபோது 2013 இல் சட்டம் வந்தது. அந்த வருடம் ஜூலை முதலாம் திகதி நியூகாசலிலும் ஜீலோங் பக்கத்திலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். இன்று 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள், வருடச் செலவு 40 பில்லியன் டொலருக்கு மேல். இத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: காசு நிறுவனத்துக்கு ஒதுக்கப்படுவதில்லை, ஆளுக்கு ஒதுக்கப்படுகிறது. ஆள் போகும் இடத்துக்குக் காசு போக வேண்டும். உங்கள் வீட்டில் நடப்பதைப் பார்த்தால், காசு போகவேண்டிய இடத்தை வேறொருவர் தீர்மானித்துவிட்டு மகளை அங்கே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்.

எனக்கும் இது நடந்தது. 2021 இல் மகனுக்கு வேர்க்கர் அனுப்பிய கொம்பனியே கோர்டினேட்டரையும் தந்தது. "ஒரே இடத்தில் எல்லாம் முடியும் அக்கா, உங்களுக்கு அலைச்சல் இல்லை" என்றார்கள். உண்மையாகவே களைத்துப்போயிருந்தேன், ஓம் என்றேன். ஒவ்வொரு வியாழனும் மூன்று மணித்தியாலம் அவனை வெளியே கூட்டிப்போவது என்று பிளானில் இருந்தது. மகனுக்குப் பேச்சு வராது, படங்கள் உள்ள ஒரு டப்ளட்டைத் தொட்டுத்தான் கதைப்பான். சில கிழமைகளில், வியாழன் காலையில் வாசலில் கார்ச் சத்தம் கேட்டாலே "வேண்டாம்" படத்தைத் தொடத் தொடங்கினான். ஒருமுறை இல்லை, பத்துத் தடவை, விரல் நோகுமளவுக்கு. அவனுக்கு வெயில் பிடிக்கவில்லை, சத்தம் பிடிக்கவில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஒரு வியாழன் பல் வைத்தியரிடம் போய்விட்டுத் திரும்பும் வழியில் கடைத்தொகுதிக்குள் நுழைந்தேன். சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்தபடி அவனுடைய நாற்காலி. டப்ளட் பையோடு பின்னால் தொங்குகிறது, அவன் கைக்கு எட்டாது. வேர்க்கர் இரண்டு மேசை தள்ளியிருந்து தொலைபேசி பார்க்கிறார். அடுத்த மாதம் கொம்பனி அனுப்பிய அறிக்கையில் "சமூகப் பங்கேற்பை மிகவும் விரும்புகிறார், நேரத்தை அதிகரிக்கலாம்" என்று இருந்தது. அந்த அறிக்கைதான் அடுத்த பிளானுக்கு ஆதாரமாகப் போகவிருந்தது! வேலை செய்தவரே வேலை நன்றாக நடந்தது என்று எழுதுகிறார், அதை வைத்து அதே வேலையைக் கூட்டச் சொல்லி அவருடைய கோர்டினேட்டரே கேட்கிறார். இதில் என் மகனின் "வேண்டாம்" எங்கே பதிவானது?

ஆகவே முதலில் கோர்டினேட்டரை மாற்றுங்கள். அவருடைய வேலை, வெளியே இருக்கும் சேவைகளில் மகளுக்குப் பொருந்துவதைத் தேடிக் காட்டுவது. அவர் சம்பளம் வாங்கும் இடமே அந்தச் சேவையை விற்கும் கடையென்றால் வேறு கடையைக் காட்டுவாரா? நீங்கள் கையெழுத்திட்ட சேவை ஒப்பந்தத்தை எடுத்து, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். அதன்படி இரண்டு வரி மின்னஞ்சல் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. கோயிலில் கண்டால் வழக்கம்போல வணக்கம் சொல்லுங்கள்.

வீட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். புரூஸ் பொனிஹாடி, லிசா போல் இருவரும் தலைமை தாங்கிய என்.டி.ஐ.எஸ். மீளாய்வு 2023 டிசம்பரில் வெளிவந்தது. தங்க வீடு கொடுப்பவரும் அந்த வீட்டுக்குள் பராமரிப்புச் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று அதில் பரிந்துரைத்தார்கள். இரண்டும் ஒருவரென்றால், பராமரிப்புச் சரியில்லை என்று வாய் திறந்தாலே இருக்க இடமில்லாமல் போகும் என்ற பயம் வரும். பொனிஹாடிக்கும் இயலாமையுள்ள இரண்டு ஆண்பிள்ளைகள். இந்தத் திட்டத்துக்காக அவர் ஏன் அவ்வளவு காலம் பாடுபட்டார் என்று என்னைப் போன்றவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மகள் தனியாக இருக்கவேண்டிய காலம் வரலாம், அதை நான் மறுக்கவில்லை. நானும் என் காலத்துக்குப் பிறகு என்ன என்று நினைத்து விடியவிடிய விழித்திருந்த தாய்தான். ஆனால் அந்த வீட்டை ஒரு ஞாயிறு பின்னேரம் போய்ப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், இரவில் யார் நிற்பார், மகளின் அறைக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா, பிட்டும் சம்பலும் கேட்டால் கிடைக்குமா. மகளையும் கூட்டிப்போய் அவள் முகத்தைப் பாருங்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த வீட்டைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

"ஒன்றுமே ஏலாது" என்று எழுதச் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையின் கடினமான நாளை எழுதினால்தான் உதவி கிடைக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மகன் இரவில் நாலு தடவை எழும்புவதை, வலிப்பு வந்த நாளை, குளிக்க வைக்க இரண்டு பேர் வேண்டியதை நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அது உண்மை. ஆனால் உங்கள் மகள் தானே தேநீர் போடுவாள் என்றால் அதையும் எழுதுங்கள், கொதிநீர் ஊற்றும்போது பக்கத்தில் ஆள் வேண்டும் என்றும் எழுதுங்கள். ஏலாது என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு அடுப்படியே காட்டாமல் விட்டுவிடுவார்கள்.

மீட்டிங்குக்கு ஆங்கிலம்தான் தடை என்றால் அரச மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், உங்களுக்குச் செலவில்லை. மொழிபெயர்க்கவென்று அந்த முதலாளியைப் பக்கத்தில் இருத்த வேண்டாம்.

கேள்வி: நான் சப்போர்ட் வேர்க்கராக வேலை செய்கிறேன். அரசாங்கம் ஒரு மணித்தியாலத்துக்கு 70 டொலர் கொடுக்கிறதாம், என் கைக்கு வருவது 35. மிச்சம் முழுக்கக் கொள்ளையா?
- ஒரு வாசகர், டண்டினோங்

பதில்: முழுக்கக் கொள்ளை இல்லை, தம்பி. 2025 ஜூலையில் வார நாள் பகல் வேலைக்கு உச்சவரம்பை 70.23 டொலர் என்று வைத்தார்கள். அதற்குள் உங்கள் சம்பளத்தோடு 12 சதவீத ஓய்வூதியப் பங்களிப்பு, விடுமுறைக் காசு, விபத்துக் காப்புறுதி, பயிற்சி, மேற்பார்வை, அலுவலகச் செலவு எல்லாம் வரவேண்டும். ஒழுங்காக நடத்தும் கொம்பனிக்குப் பெரிதாக மிஞ்சாது. உங்களுக்குப் பயிற்சியும் இல்லை, மேற்பார்வைக்கு ஆளும் இல்லை என்றால் அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்கலாம்.

ஒன்றை மட்டும் எல்லாரும் கவனிக்க வேண்டும். அது உச்சவரம்பு, கட்டாய விலை இல்லை. குறைத்துப் பேசலாம். ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் உச்சத்திலேயே பில் போடுகிறார்கள், குடும்பங்களும் கேட்பதில்லை. ஒவ்வொரு வருடமும் விலை மீளாய்வு நடக்கும்போது சேவை வழங்குநர்களின் சங்கங்கள் கணக்காளர்களை வைத்துக் கட்டுக்கட்டாக மனுக் கொடுக்கின்றன. அது அவர்களுடைய உரிமை. பிள்ளையைத் தூக்கித் தூக்கி முதுகு போன தாய்க்கு மனு எழுத நேரம் எங்கே?

அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் சுயநலம் என்றும் நான் எண்ணவில்லை. 2025 ஜூலையில் பிசியோதெரபிக்கான உச்சக் கட்டணத்தை மணித்தியாலத்துக்கு 193.99 டொலரிலிருந்து 183.99 ஆகக் குறைத்து, சிகிச்சையாளர்களின் பயண நேரத்துக்குப் பாதிதான் என்றார்கள். சிகிச்சையாளர்கள் எதிர்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் பிசியோ 40 நிமிடம் காரோட்டி வருபவர். வீட்டுக்கு வருவதைக் குறைக்கவேண்டி வரும் என்றபோது அவர் கண் கலங்கியது. அவருடைய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். தூர ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்தக் குறைப்பு பெரிய அடி. எந்தக் கோரிக்கையைக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இது கிடைத்தால் என் மகனின் கிழமையில் என்ன மாறும்? பிசியோவின் கோரிக்கைக்குப் பதில் இருந்தது.

கேள்வி: என் மனைவிக்கு 67 வயது, போன வருடம் பக்கவாதம் வந்தது. 1,500 டொலர் தந்தால் என்.டி.ஐ.எஸ். எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகர், பிரிஸ்பேன்

பதில்: வேண்டாம் ஐயா. விண்ணப்பிக்கும்போது 65 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், அதற்கு யாராலும் வழி எடுத்துத் தர முடியாது. 65 க்குக் கீழ் உள்ளவர்கள் விண்ணப்பிக்கவும் கட்டணம் எதுவும் கிடையாது. உங்கள் மனைவிக்கு உரிய இடம் அரசின் முதியோர் பராமரிப்புச் சேவையான மை ஏஜ்ட் கெயார், இலக்கம் 1800 200 422. 2025 நவம்பரிலிருந்து அங்கே புதிய வீட்டுப் பராமரிப்புத் திட்டம் நடக்கிறது. இருவருக்கும் ஒரே பக்கவாதம் வந்தாலும், 64 இல் வந்தவருக்கு ஒரு கதவு, 66 இல் வந்தவருக்கு வேறு கதவு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைக்கு நீங்கள் தட்டவேண்டிய கதவு அதுதான்.

கேள்வி: ஒட்டிசம் உள்ள என் மகன் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்தக் கிழமைக்கும் வேர்க்கர் வந்ததாக பில் போயிருக்கிறது. கேட்டபோது, "நாங்கள் அவனுக்கு டப்ளட் வாங்கித் தந்தோமே அக்கா" என்று சிரிக்கிறார்கள். சேரும்போது அதைப் பரிசாகத்தான் தந்தார்கள். எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுப்பதா என்று கணவர் தடுக்கிறார்.
- பெயர் வேண்டாம், டூங்கபி

பதில்: அந்த டப்ளட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள், அந்தக் கடன் உங்கள் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தந்த கடிதத்தில் திகதிகள் இருக்கும். அதையும் அந்தக் கிழமைப் பில்லையும் ஒன்றாக வைத்துப் படமெடுங்கள். பிளான் மனேஜர் (பிளான் காசிலிருந்து பில் கட்டுபவர்) இருந்தால் அவருக்கு அனுப்பி, அந்தப் பில்லை ஏற்கவில்லை என்று எழுதுங்கள். பிறகு முறைப்பாடுகளைக் கேட்கும் என்.டி.ஐ.எஸ். தர, பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கு 1800 035 544 இல் அழையுங்கள். கொம்பனி பதிவு செய்யப்படாததாக இருந்தாலும் நடத்தை விதிகள் அதையும் கட்டுப்படுத்தும், முறையிடலாம்.

அந்த ஒரு கிழமைக்கு எடுத்த காசு உங்கள் மகனின் பிளானிலிருந்து போனது. வருட முடிவில் அவனுக்கு வேர்க்கர் வரும் மணித்தியாலம் குறைந்தால் அது இங்கேதான் போயிருக்கும். அதே கொம்பனியில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களின் தாய்மாரும் இதேபோலப் பேசாமல் இருக்கலாம். உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். எங்கள் ஆட்கள் என்று அவர் சொல்லும்போது அந்தக் கணக்கில் மகனையும் சேர்க்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள்.

என் மகனைப் பற்றி அடிக்கடி விசாரிக்கும் வாசகர்களுக்கு: வியாழக்கிழமைகளில் இப்போது நீச்சலுக்குப் போகிறான். மூன்று வேர்க்கர்களின் படங்களை டப்ளட்டில் போட்டுக் கொடுத்தோம், ஒருவரை அவனே தொட்டான். காலை ஏழு மணிக்கே துவாயை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருப்பான்.