முதலில் நம்பர், அப்புறம் போன்: ஜப்பான் வாசகர்களின் கேள்விகள்

இந்த மாதம் ஜப்பானிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், செல்போன். அதனால் இந்த முறை அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வங்கியில் கணக்கு தொடங்கப் போனால் ஜப்பான் செல்போன் நம்பர் கேட்கிறார்கள். போன் கடைக்குப் போனால் ஜப்பான் வங்கிக் கணக்கோ இங்கே வாங்கிய கிரெடிட் கார்டோ வேண்டும் என்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது? (வாசகர், நிஷி கசாய்)

பதறாதீர்கள் தம்பி, புதிதாக வருகிற எல்லோரும் மாட்டுகிற முடிச்சுதான் இது. உங்கள் முதல் வேலை போனும் இல்லை, வங்கியும் இல்லை, முகவரி. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கையில் கொடுத்தாரே ரெசிடென்ஸ் கார்டு, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முகவரிக் கட்டம் காலியாக இருக்கும். வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸுக்குப் போனால் அதில் முகவரியைப் பதிந்து தருவார்கள். அது இல்லாமல் எந்தக் கடையிலும் குரல் அழைப்பு உள்ள சிம் கிடைப்பது கஷ்டம். இது வெளிநாட்டுக்காரர் என்பதால் வைத்த கெடுபிடி இல்லை. வயதானவர்களுக்குப் போன் போட்டு "நான்தான் உங்கள் பையன், அவசரமாகப் பணம் அனுப்புங்கள்" என்று ஏமாற்றும் கூட்டம் பெருகியதால், 2005-ல் சட்டம் போட்டு, செல்போன் வாங்குகிற யாராக இருந்தாலும் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

முகவரி ஏறியதும் முடிச்சைப் போன் பக்கத்திலிருந்து அவிழ்ப்பதுதான் சுலபம். மோபல், சகுரா மொபைல் போன்ற கம்பெனிகள் வெளிநாட்டவருக்காகவே நடக்கின்றன, நம் ஊர் வங்கி கொடுத்த சர்வதேச கார்டையும் ஏற்றுக்கொள்கின்றன, ஆங்கிலத்தில் பேசலாம். கொடுக்கிற பணத்துக்கு டேட்டா கொஞ்சம் குறைவுதான், ஆனால் சில நாளில் ஒரு நம்பர் கைக்கு வந்துவிடும். அதை வைத்து வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். ஜப்பானின் அந்நியச் செலாவணிச் சட்டம், அங்கே உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை அவர் நாட்டுக்குள் வந்த நாளிலிருந்தே உள்ளூர்வாசியாகக் கணக்கில் எடுக்கிறது, அதனால் வங்கியில் ஆறு மாதம் கழித்து வா என்று சொன்னால் கம்பெனி கொடுத்த வேலைச் சான்றைக் காட்டுங்கள். உங்கள் எச்.ஆரிடமும் கேளுங்கள், சில கம்பெனிகள் வங்கிப் படிவத்தில் அலுவலக நம்பரைப் போட்டுக்கொள்ளச் சொல்லும்.

கணக்கும் கார்டும் வந்த பிறகு அதே நம்பரோடு மலிவான இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். நம்பரைக் கொண்டுபோக விடுவார்களா என்பதை மட்டும் முதல் சிம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ராகுடென் மொபைலில் மாதம் 3 ஜிபி வரை 1,078 யென், எவ்வளவு ஓட்டினாலும் 3,278 யென். டோகோமோவின் அஹாமோ 30 ஜிபிக்கு 2,970 யென், ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற உள்நாட்டு அழைப்புகள் அதற்குள்ளேயே அடக்கம். பாதியில் விலகினால் பெரிய அபராதம் என்பதெல்லாம் பழைய கதை, 2019 அக்டோபரில் வந்த விதி அதை 1,000 யென்னுக்குள் அடக்கிவிட்டது.

கேள்வி: ஆன்லைனில் சிம்முக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொரு முறையும் "விவரம் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கட்டம் காலி. (வாசகி, யோகோஹாமா)

அம்மா, இது தமிழர்கள் நிறையப் பேருக்கு வருகிற தொல்லை. ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. நமக்கோ அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், அல்லது பாஸ்போர்ட்டில் விரித்து எழுதி மொத்தமாக ஒரே கட்டத்தில் விழுந்திருக்கும். ரெசிடென்ஸ் கார்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரும். நீங்களாக ஒரு குடும்பப் பெயரை உண்டாக்கிப் போடாதீர்கள், திருப்பி அனுப்புவதற்கு அதுவே காரணமாகிவிடும். ஒற்றைப் பெயர்க்காரர் எப்படி நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி வைத்திருக்கும். உதவிப் பக்கத்தில் அது இல்லையென்றால் ஆன்லைனை விட்டுவிட்டு நேரே கடைக்குப் போங்கள், அங்கே ஊழியரே தட்டச்சு செய்துகொள்வார்.

அடுத்தது கதகானா. உங்கள் பெயர் எப்படி ஒலிக்கும் என்று அந்த ஜப்பானிய எழுத்தில் எழுதுவதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். செந்தில் என்று பெயர் சொன்னால் ஒருவர் "சென்திரு" என்று எழுதுவார், அடுத்த கவுன்டரில் இருப்பவர் "சென்சிரு" என்று எழுதுவார், இரண்டுமே அங்கே இயல்புதான். ஆனால் வங்கிப் புத்தகத்தில் ஒன்றும் போன் ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தால் மாதக் கட்டணம் கணக்கிலிருந்து கழிவது நின்றுபோகும். அதனால் ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், வார்டு ஆபீஸ், வங்கி, போன் கடை எல்லா இடத்திலும் அதையே நீட்டுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் திருப்பினால் முகவரியைப் பாருங்கள். கார்டின் பின்னால் உள்ளபடி எழுத வேண்டும், கட்டடத்தின் பெயரும் அறை எண்ணும் உட்பட. அப்புறம் கார்டைப் படம் எடுக்கும்போது விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: டேட்டா மட்டும் உள்ள சிம் மலிவாக இருக்கிறது. எல்லோரிடமும் வாட்ஸ்அப்பில்தானே பேசுகிறோம், குரல் அழைப்பு எதற்கு? (மாணவர், ஒசாகா)

இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள் தம்பி. டேட்டா சிம்மிலிருந்து 110-க்கோ 119-க்கோ அழைக்க முடியாது. 110 போலீஸ், 119 ஆம்புலன்ஸும் தீயணைப்பும். இணையம் வழியாகப் பேசும் 050 நம்பர்களிலும் பொதுவாக அவசர அழைப்பு போகாது. நிலநடுக்கம் வருகிற நாட்டில், தனியாக அறை எடுத்து இருக்கும் பையனிடம் அந்த வசதி இல்லை என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தவிர, 070, 080, 090-ல் தொடங்கும் நம்பர் இருந்தால்தான் பகுதி நேர வேலை, வீட்டு வாடகை, பார்சல் எல்லாம் தடங்கல் இல்லாமல் நடக்கும்.

கேள்வி: போனை இந்தியாவிலிருந்தே கொண்டு போகலாமா, அங்கே தவணையில் வாங்கலாமா? (அடுத்த மாதம் கிளம்பும் வாசகர், கோவை)

நல்ல போன் கையில் இருந்தால் கொண்டு போங்கள், ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். அங்கே 3ஜி சேவை மூடப்பட்டு வருகிறது. ஏயு 2022-லும் சாஃப்ட்பேங்க் 2024-லும் நிறுத்திவிட்டன, டோகோமோவும் 2026 மார்ச்சோடு முடிப்பதாக அறிவித்தது. ஆகவே நீங்கள் சேரப்போகும் கம்பெனியின் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி, உங்கள் மாடலில் வேலை செய்யுமா என்று அவர்களுடைய பட்டியலில் பாருங்கள், இல்லையென்றால் இணையம் வரும், அழைப்பு வராது. இரண்டாவது அலைவரிசை: டோகோமோவுக்கு பேண்ட் 19, ஏயுவுக்கு 18 அல்லது 26, சாஃப்ட்பேங்குக்கு 8 இருந்தால் கட்டடத்துக்கு உள்ளேயும் சிக்னல் நன்றாக எடுக்கும். மூன்றாவது, ஜப்பானின் தொழில்நுட்பச் சான்று. அது கிதேகி என்ற சின்னமாகப் போனின் செட்டிங்ஸில் சான்றிதழ் பகுதியில் இருக்கும். சுற்றுலா வருபவருக்கு 90 நாள் சலுகை உண்டு, குடியிருக்கப் போகிற உங்களுக்கு அது போதாது.

தவணை வேண்டாம் என்பது என் கருத்து. விசா ஒரு வருடத்துக்குத்தான் என்றால் 24 மாதத் தவணைக்குக் கடையே மறுக்கலாம். டோக்கியோவின் அகிஹாபாராவில் இயோசிஸ், ஜன்பரா மாதிரிக் கடைகளில் பழைய போன்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. 2021 அக்டோபருக்குப் பிறகு வந்தவற்றில் சிம் லாக்கும் இருக்காது. விலைச் சீட்டில் நெட்வொர்க் நிலைமை என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். வட்டம் என்றால் பிரச்சினை இல்லை. பெருக்கல் குறி என்றால் திருட்டு, மோசடி மாதிரிக் காரணத்துக்காக முடக்கிய போன். முக்கோணம் என்றால் நாளைக்கே பெருக்கல் குறி ஆகலாம், அதைத் தொடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்துவிடுங்கள், வங்கி ஓ.டி.பி. வர வேண்டுமே. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த நம்பர் வேறு ஒருவருக்குப் போய், உங்கள் ஓ.டி.பி. அவர் போனில் வந்து நிற்கும்.

கேள்வி: படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புகிறேன். புதிதாக வந்த நண்பன் என் சிம்மை அப்படியே கேட்கிறான், கொடுக்கலாமா? (வாசகர், ஃபுகுவோகா)

கொடுக்கக் கூடாது. குடும்பத்தாரைத் தவிர வேறு யாருக்காவது இணைப்பை மாற்றிக் கொடுப்பதானால் கம்பெனியின் சம்மதம் வேண்டும் என்று முதல் கேள்வியில் சொன்ன அதே சட்டம் சொல்கிறது. அவன் நல்ல பையனாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் போன் நாளைக்கு எங்கே போய் எதற்குப் பயன்பட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் பெயர். விமானம் ஏறுவதற்கு முன் நீங்களே ரத்து செய்யுங்கள். கடைசி பில் அடுத்த மாதம்தான் வரும், அதனால் அது எப்படி, எந்தக் கணக்கிலிருந்து போகும் என்று கேட்டுக்கொண்டு அப்புறம் வங்கிக் கணக்கை மூடுங்கள். போன் தவணை பாக்கியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அது கடன் தகவல் அமைப்பில் பதிவாகும், மறுபடி ஜப்பானுக்கு வேலைக்கு வரும்போது கிரெடிட் கார்டுக்கே கதவு அடைபடும்.

கேள்வி: அம்மா மூன்று மாதம் என்னோடு இருக்க வருகிறார். பகலில் வீட்டில் தனியாக இருப்பார். அவருக்கு என்ன சிம்? (வாசகி, கவாசாகி)

சுற்றுலா விசாவில் வருபவருக்கு ரெசிடென்ஸ் கார்டு கிடையாது, விமான நிலையத்தில் விற்பவை பெரும்பாலும் டேட்டா சிம்தான். உங்கள் பெயரில் இரண்டாவதாக ஒரு குரல் இணைப்பு எடுத்து அம்மாவிடம் கொடுங்கள், கடையில் குடும்பத்தார் பயன்படுத்துவார் என்றே சொல்லி வாங்கலாம். 119-ஐ முதல் நம்பராகச் சேமித்து வையுங்கள். அழைத்தால் தீயா, ஆம்புலன்ஸா என்றுதான் முதலில் கேட்பார்கள், அம்மா "க்யூக்யூ" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் என்று புரிந்துகொள்வார்கள், பல ஊர்களில் மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பார்கள். உங்கள் முகவரியைத் தமிழ் எழுத்தில், அவர் வாய்விட்டுப் படிக்கிற மாதிரி பெரிதாக எழுதி போன் வைக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு, ஓரிரு முறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.