மகனின் பந்துவீச்சு வீடியோ: கணக்கை நிறுத்தலாமா?

சகோதரி, உங்கள் 12 வயது மகனின் கிரிக்கெட் பந்துவீச்சு வீடியோ இன்ஸ்டாகிராமில் பரவியதிலிருந்து, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவன் கருத்துகளைப் படித்து அழுகிறான். பயிற்சியாளரோ அந்தக் கணக்கை நிறுத்தக் கூடாது என்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயங்காமல் நிறுத்துங்கள். தற்காலிகமாக முடக்கினால் வீடியோக்கள் அழியாது.

அங்கே கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கென்றால் பெற்றோரோ ஒரு மேலாளரோ நடத்த வேண்டும். அந்தப் பொறுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டாம், இன்றே மாற்றிவிடுங்கள். பள்ளிப் பெயர் தெரியும் சீருடையும் பயிற்சி நடக்கும் மைதானமும் முன்பின் அறியாதவர்கள் கண்ணில் படுவது எனக்குக் கருத்துகளைவிட அதிகக் கவலை தருகிறது.

வைபவ் சூர்யவன்ஷியைப் பயிற்சியாளர் உதாரணம் காட்டுகிறாராம். 2025 ஐபிஎல்லில் 14 வயதில் சதமடித்த அந்தப் பையன், 2024 ஜனவரியிலேயே மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் பீகாருக்காக ஆடிவிட்டவர். அவரை உயர்த்தியது ஆடுகளத்தில் எடுத்த ரன்கள். உங்கள் மாவட்ட அணித் தேர்விலும் பந்தைத்தான் பார்ப்பார்கள், பின்தொடர்பவர்களை எண்ண மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது விக்கெட் கணக்கைக் கேட்காதீர்கள். அவனாகப் பேசட்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். ‘எறிகிறான்’, அதாவது விதியை மீறி முழங்கையை நிமிர்த்திப் பந்தை விடுகிறான் என்று பலர் எழுதியது அவனை உறுத்துகிறது. பந்து வீசும்போது மடங்கிய முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் வரம்பு. வேறொரு பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டி, அவர் சொல்வதை மகனே நேரில் கேட்கும்படி செய்யுங்கள்.