பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் 1959 முதல் 1964 வரை மாணவர் கணக்கே இல்லையே, ஏன்?

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் இந்தக் கிராமப்புற கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அரசுப் பள்ளிகளில் அந்த ஐந்து வருடக் கணக்கு காலியாக இருக்கிறது, பதிவேடு தொலைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொலையவில்லை. அந்த வருடங்களில் அங்கே அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டார்கள்.

போன வருடம் அங்குள்ள ஃபார்ம்வில் ஊருக்குப் போயிருந்தேன். பழைய மோட்டன் உயர்நிலைப் பள்ளி இப்போது அருங்காட்சியகம். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இல் கட்டியது, 180 பேருக்கு. 1951இல் படித்தவர்களோ 450க்கும் மேல். இடம் கேட்டதற்குப் பலகையடித்துத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைக்கு வேர்த்து ஊற்றும், தள்ளி உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்ற முடியாது. மழை பெய்தால் வகுப்புக்குள்ளேயே குடை.

அந்த வருடம் ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி அந்தப் பள்ளி மேடையில் ஏறிப் பேசி, மொத்தப் பள்ளியையும் வேலைநிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த மேடைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கும் இப்போது பதினாறு. மனசு என்னவோ செய்தது.

அதிலிருந்து பிறந்த வழக்குதான், அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்ன பிரௌன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. 1959இல் கறுப்பின, வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்கவைத்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்க மாட்டோம் என்று கவுண்டி நிர்வாகம் கையை விரித்துவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே தயார், அதற்கு அரசு உதவித்தொகை வேறு. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்குப் போக இடமில்லை. சிலரை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள், சிலர் தேவாலயத்தில் நடந்த வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வீட்டோடும் வயலோடும் நின்றுபோனார்கள். 1963இல்தான் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் ஒரு வருடம் நடந்தன.

1964இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு அரசுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர்கள் சுமார் 1,500 பேர், ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளைக்காரர்கள் தங்கள் பள்ளியை விட்டு வரவில்லை. அப்புறம், இந்த 1,500ஐப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1959இல் பன்னிரண்டு வயதில் புத்தகத்தை மூடிய பிள்ளைக்கு அப்போது பதினேழு. பலர் அதற்குள் வேலைக்குப் போய்விட்டார்கள். 2003இல் கவுண்டி அவர்களுக்குக் கௌரவப் பள்ளிச் சான்றிதழ் கொடுத்தபோது, அவர்களுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.