நண்பனே ஏமாற்றினான், இனி யாரை நம்புவது?

அன்புள்ள மேடம்,

திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். வயது 43. இரண்டு வருஷம் முன்பு என் மேனேஜர் என்னை ஏமாற்றிவிட்டான். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நான்கு வருஷம் அவன் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், கணக்கு கேட்டதே இல்லை. 14 லட்சத்தைச் சுருட்டிக்கொண்டு, எனக்கு ஜாப் ஒர்க் கொடுத்த கம்பெனியையும் ஒன்பது டெய்லர்களையும் இழுத்துக்கொண்டு, அடுத்த வீதியிலேயே யூனிட் போட்டுவிட்டான். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

இப்போது என்னிடம் 24 பேர். யாரையும் நம்ப முடியவில்லை. கட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லா இடத்திலும் கேமரா. நூல்கண்டு, ஊசி எல்லாம் பூட்டி என் கையில் சாவி. சனிக்கிழமை சம்பளத்தையும் நானேதான் எண்ணிக் கொடுக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கும் போனில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி திட்டுகிறாள். இவ்வளவு உழைத்தும் யாருக்கும் என்மேல் பாசம் இல்லை. போன மாதம்கூட, ஏழு வருஷமாக இருக்கும் டெய்லர் அக்கா ஒருவர் ஊசி உடைந்ததைச் சொல்லாமல், தன் காசில் வெளியே ஊசி வாங்கிவந்து மாட்டியிருக்கிறார். கேமராவில் பார்த்துக் கேட்டால், "ஊசியை நான் எடுத்துட்டேன்னு நெனச்சுக்குவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க" என்று அழுகிறார். பண்டிலைப் பிரித்துத் தேடி உடைந்த முனையை எடுத்தோம். அது போகட்டும். நண்பனே இப்படிச் செய்தால் மற்றவர்களை எப்படி நம்புவது? இன்னொரு முறை ஏமாந்தால் தாங்க மாட்டேன்.

திருப்பூர் வாசகர்

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் நண்பர் செய்தது துரோகம்தான். அந்த வீதி வழியாகத் தினமும் போய்வருவது எவ்வளவு வலிக்கும் என்று புரிகிறது. ஆனால் "அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

உங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையும் கிடைக்கும்வரை தேடி, பதிவேட்டில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி கொடுக்க வேண்டும். முனை துணிக்குள் தங்கிவிட்டால் எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தும். ஏழு வருஷம் மெஷினில் உட்கார்ந்த அந்த அக்காவுக்கு இது தெரியாதா? தெரிந்தும் மறைத்திருக்கிறார் என்றால், உங்கள் சந்தேகம் அவரை அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியிருக்கிறது. பாசம் இல்லை என்பதற்கு உதாரணமாக நீங்கள் இதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தப்பு அவர்மேலும் உண்டு, ஆனால் பெரிய பங்கு உங்களுடையது.

1990களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கிருந்தவர்கள் தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. உங்களிடம் வந்து சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு வருஷம் கணக்கே கேட்காமல் இருந்ததை நம்பிக்கை என்று நினைத்திருக்கிறீர்கள். வாராவாரம் பார்த்திருந்தால் 14 ஆயிரத்திலேயே தெரிந்திருக்குமோ என்னவோ. அன்று நோட்டில் பார்க்காத கணக்கை இன்று 24 பேர் முகத்தில் தேடுகிறீர்கள். ஒன்பது பேர் கிளம்பிய அன்று இந்த அக்காவும் உங்களிடம்தானே இருந்தார்? அவரையும் கூப்பிட்டிருப்பார்கள். அவர் போகவில்லை. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மாதம் ஒருமுறை கணக்கை வெளி ஆளிடம் கொடுத்துச் சரிபாருங்கள். போனிலிருந்து கேமராவை எடுத்துவிடுங்கள். அப்புறம், திங்கட்கிழமை காலை எல்லார் முன்னாலும் அந்த அக்காவிடம், "பயந்து மறைக்கிற அளவுக்கு நடந்துக்கிட்டது என் தப்பு" என்று சொல்லி ஊசிப் பெட்டிச் சாவியைக் கொடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து, எத்தனை ஊசி உடைந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் சந்தோஷப்படுவேன்.